பதினோராவது கண்மாய்

பதினாலாம் பிரிவை மூன்றாவது தடவையாக வாசிக்கச் சொன்னார் மொக்கைச்சாமி.

பீமாராவ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மொக்கைச்சாமி எம்.எல்.ஏ. ஆன நாளிலிருந்து அவருக்குப் படித்துச் சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் இவர்தான். எம்.எல்.ஏ. படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தார்.

"'இரண்டாம் அட்டவணையில் கண்ட நீர்நிலைகளின் கரையில் உள்ள குடியிருப்புகள் அகற்றப்படலாம். ஆயினும், பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வசித்துவரும் எவரும் அகற்றப்படமாட்டார்.' இவ்வளவுதான்ணே."

"மொதல்ல என்ன சொல்லுது?"

"அகற்றப்படலாம்."

"பெறகு?"

"ஏற்கெனவே இருக்கிறவங்களைத் தொடமாட்டோம்னு சொல்லுது. அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே."

"ராவு, நான் எத்தனை வருசமா மேடையில பேசுறேன்?"

"முப்பது இருக்கும்."

"அந்த முப்பது வருசத்துல மாட்டோம், மாட்டோம்னு எம்புட்டுச் சொல்லியிருப்பேன்?"

பீமாராவ் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வேலை நிலைக்காது.

விவகாரம் இதுதான். பறவை, விலங்கு, மரம், மட்டை எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்கு என்று பல்லுயிர்ப் பாதுகாப்பு மசோதா ஒன்றைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். சரி, ஒன்பது பேர் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள் என்று தேர்வுக் குழு ஒன்றைப் போட்டார்கள். கிராமத்து ஆள் ஒருவர் வேண்டுமே என்று மொக்கைச்சாமியையும் அதில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மாதமாக அவர் கூட்டத்துக்குப் போனார், வடை தின்றார், கையெழுத்துப் போட்டார், வந்தார். மசோதாவின் கடைசியில் கோத்திருந்த அட்டவணையை நேற்றுத்தான் பீமாராவ் வாசித்துக் காட்டினார். பாதுகாக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. அதில் பதினோராவதாக வேப்பமடைக் கண்மாய் இருந்தது.

வேப்பமடை அவருடைய சொந்த ஊர். நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போக வேண்டும். அந்தக் கண்மாய்க் கரையில்தான் முப்பது வருடமாக அவருடைய அக்கா இருளாயி குடிசை போட்டு இருக்கிறாள். பன்னிரண்டு ஆடு, நாலு கத்தரிப் பாத்தி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. தம்பி கட்டிய மாடி வீட்டுக்கு ஒருதரம் வந்து இரண்டு நாள் இருந்து பார்த்தாள். ஆட்டைக் கட்ட இடமில்லை, வருகிறவன் போகிறவனெல்லாம் கும்பிடுகிறான், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள். அந்தக் கரையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"நாளன்னைக்குக் குழு நேர்ல வந்து கண்மாயைப் பாக்குது. பறவை இருந்தாத்தான் பட்டியல். பறவை இல்லேன்னா தன்னால எடுத்துருவாங்க" என்றார் பீமாராவ். யோசனையாகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னார்.

மொக்கைச்சாமி அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

*

வேப்பமடையில் ராஜபாண்டி என்று ஒருவர் இருந்தார். முன்னாள் ஊராட்சித் தலைவர், மொக்கைச்சாமிக்கு மாப்பிள்ளை முறை. அவருக்குப் போன் போனது.

"மாப்ள, நாளன்னைக்குக் காலையில கண்மாயில ஒரு கொக்கு இருக்கக்கூடாது."

"கொக்கு என்ன, கட்சிக்காரனா மாமா, சொன்னா எந்திரிச்சுப் போறதுக்கு?"

"வெடியைப் போடு."

ராஜபாண்டி போட்டார். கோவில் திருவிழாவில் மிச்சமிருந்த வெடி அத்தனையையும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களுக்கு அடியில் வைத்துக் கொளுத்தினார். பறவைகள் மொத்தமும் எழும்பின. வானத்தில் கால் மணி நேரம் சுற்றின. புகை கலைந்ததும் அதே மரங்களில் வந்து உட்கார்ந்துகொண்டன. குஞ்சு இருக்கிற கூட்டை விட்டு எந்தத் தாய் போகும்? ஊர் நாய்கள்தான் மூன்று நாள் ஊருக்குள் வரவில்லை.

இருளாயியின் ஆடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. பத்து ஆடு சாயங்காலம் திரும்பியது. இரண்டு குட்டிகள் நாலுவழிச் சாலைப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கையில் கம்போடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள் அக்கா.

"எந்தப் பய வெடியப் போட்டான்னு விசாரி."

"விசாரிக்கிறேன்க்கா. உள்ள வா, காப்பி குடி."

"காப்பி வேணாம். ரெண்டும் பால்குடி மறக்காத குட்டிடா." கம்பைச் சுவரில் சாய்த்தாள். "நாளைக்கு யாரோ பெரிய ஆளுக கண்மாயப் பாக்க வாராகளாம்ல? நீயும் வாரியா?"

"வாரேன்."

"வந்து என்ன செய்வ?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ எதுக்கும் கவலப்படாத."

அவள் முகம் சரியில்லாமல் போனது. குட்டிகளை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று நினைத்தார். பட்டியலைப் பற்றி அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. காரியத்தை முடித்துவிட்டுச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டார். அவள் தெருக்கோடி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். காப்பியாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

*

வெடி பலிக்கவில்லை என்றதும் அடுத்த வழியை ராஜபாண்டிதான் சொன்னார்.

"மீன்பிடித் திருவிழாவப் போட்டுருவோம் மாமா. ஆயிரம் பேர் தண்ணிக்குள்ள இறங்குனா எந்தப் பறவை நிக்கும்?"

மீன்பிடித் திருவிழா என்பது கோடையில் கண்மாய் வற்றிக் கணுக்கால் தண்ணீராகும்போது வைப்பது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. வீசிவிட்டால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம், கிடைப்பதை அள்ளலாம். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத்தான் சாப்பிட வேண்டும். சித்திரையில் வைக்கிற இதை மாசியில் வைத்ததாகச் சரித்திரம் கிடையாது. இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.

வாட்ஸப்பில் சேதி போனது. விடிவதற்குள் முப்பது ஊர்ச் சனம் வந்துவிட்டது. வலை, கூடை, கொசுவலை, பழைய சேலை. ஒருவன் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். கரையெங்கும் தலை.

குழு பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. எட்டு மணிக்கு மொக்கைச்சாமி கரைமேல் ஏறித் துண்டை எடுத்தார். யாரோ மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தையும் மைக்கையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "என் உயிரினும் மேலான வேப்பமடை மக்களே, அடுத்த வருசம் இதே இடத்துல பாதிக் கண்மாய மேடாக்கி, நம்ம பிள்ளைக ஓடியாட விளையாட்டு மைதானம் கொண்டாருவேன்" என்றார். போன பொங்கலுக்கும் இதைத்தான் சொன்னார். கைதட்டினார்கள். கரையோரம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இருளாயி கைதட்டவில்லை. அவளுக்குக் கை ஒழியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

துண்டை வீசினார்.

ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தார்கள். பறவைகள் வெள்ளை விரிப்பை உதறியதுபோல எழும்பி நாகமலைப் பக்கம் பறந்தன. மரங்கள் கறுப்பாக நின்றன.

"பாத்தியா மாப்ள" என்றார் மொக்கைச்சாமி.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சனம் மிதித்த மிதியில் சேறு கலங்கி, மூச்சுத் திணறிய மீனெல்லாம் மேலே வந்து துள்ளியது. கெளுத்தி, விரால், கெண்டை என்று தண்ணீர்ப் பரப்பே வெள்ளியாகக் கிடந்தது. மலைப் பக்கம் போன பறவைகள் அதைப் பார்த்துத் திரும்பின. சும்மா திரும்பவில்லை. அக்கம்பக்கத்துக் கண்மாய்ப் பறவைகளும் கூடவே வந்தன. கூழைக்கடா, நீர்க்காகம், நாரை, அரிவாள்மூக்கன், பருந்து. இதற்கு முன்னால் வேப்பமடை கண்டிராத இனமெல்லாம் வந்து இறங்கியது. ராஜபாண்டி பிடித்துக் கூடையில் போட்ட விராலை ஒரு நாரை அவர் கண்முன்னாலேயே எடுத்துக்கொண்டு போனது.

"மாமா, விருந்துக்கு அழைச்சதுபோல ஆயிருச்சே."

அந்த நேரம் பார்த்து வண்டிகள் வந்தன. வெயிலுக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று குழு எட்டரைக்கே புறப்பட்டு வந்துவிட்டது.

*

குழுவின் தலைவர் ராதாமணி அம்மாள் மதுரைக்காரர்தான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. கரையேறியதும் அதைக் கண்ணில் வைத்தவர், கால் மணி நேரம் கீழே இறக்கவில்லை.

"மொக்கைச்சாமி சார், இதைப்போல நான் எங்கயும் பார்த்ததில்லை. மனுஷனும் பறவையும் ஒரே தண்ணியில மீன் பிடிக்கிறாங்க. ஒருத்தரை ஒருத்தர் விரட்டவே இல்லை."

"அது வந்தும்மா, பறவைக இன்னைக்கு மட்டுந்தான்..."

"இன்னைக்கு மட்டும் ஏழாயிரம் இருக்கும்."

பட்டியல் போடுவதற்கு முன்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து பறவைகளை எண்ணியபோது நாலாயிரம் என்றுதான் எழுதியிருந்தார்கள். மொக்கைச்சாமி சோடா வாங்கி வரச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாளும் பீமாராவும் வேப்பமர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டுப் பாஷையில் பேசினார்கள். இவருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. நடுவில் 'மொக்கைச்சாமி' என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. அந்த அம்மாள் இவரைப் பார்த்துச் சிரித்தார்.

மொக்கைச்சாமி பீமாராவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னத்தைய்யா சொன்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே. அவங்க அத்தை வீடும் எங்க வீடும் ஒரே தெரு. இப்ப யாருகிட்ட இருக்கீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கணும்?"

பீமாராவ் இதற்கும் கண்ணாடியைத் துடைத்தார்.

அவ்வளவுதான், மொக்கைச்சாமி முடிவு கட்டிவிட்டார். வெடி போட்டதையும் துண்டு வீசியதையும் இவன் போட்டுக்கொடுத்துவிட்டான், பாஷை தெரியாத ஆளை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் பட்டியலில் கண்மாயை உறுதி செய்துவிட்டார்கள். பத்து வருடமாகக் கூட இருந்த மனிதன். கண்மாய்க்குள் பறவை இருக்கிறது என்பதை இனி மறைக்க முடியாது. வேறு மாதிரித்தான் போக வேண்டும்.

அந்த அம்மாளிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உண்மையச் சொல்லிப்புடுறேன். இந்தக் கண்மாய் சரிப்பட்டு வராது. எங்க ஊர்ச் சனம் மோசமான சனம். வாரத்துக்கு ரெண்டு தடவை கொக்குக் கறி. நாரைய விடமாட்டானுக. எந்தச் சட்டம் போட்டாலும் அடங்கமாட்டானுக. பேசாம வேற நல்ல ஊராப் பாருங்க."

ராதாமணி அம்மாளின் முகம் மாறியது. பைனாகுலரை இறக்கினார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா? இவ்வளவு ஆபத்தில் இருக்கிற இடத்தைப் போய்ப் பதினோராவதாப் போட்டு வெச்சிருக்கோமே."

அங்கேயே பேனாவை எடுத்துப் பட்டியலில் வேப்பமடைக் கண்மாயை ஒன்றாம் எண்ணுக்கு ஏற்றினார். கரையெங்கும் வேலி, இரண்டு காவலர் என்று ஓரத்தில் எழுதினார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜபாண்டி, "எங்க ஊர்க்காரன் எவன் மாமா கொக்குத் தின்னான்? மீன் ஒண்ணத் தவிர, முட்டைக் குழம்பு வச்சாலே மூக்கப் பொத்துற ஊரு இது" என்று கேட்டுவிட்டு மொக்கைச்சாமியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

*

மத்தியானம் மூன்று மணிக்கு, மதுரையில் அரசு விருந்தினர் மாளிகையில், குழு உட்கார்ந்தது. பீமாராவைச் சுவரோரம் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக முன்வரிசையில் உட்கார்ந்தார் மொக்கைச்சாமி. கையில் குறிப்பு எதுவும் கிடையாது. எழுதிக் கொடுக்க ஆள் இருந்தும் கேட்க மனது வரவில்லை.

இரண்டாம் அட்டவணை வந்தது. முதல் பெயரை வாசித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள்.

எழுந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் உள்ளதைப் பேசிவிட்டார்.

"நான் காலையில சொன்னது பொய்ம்மா. எங்க ஊர்ச் சனம் கொக்குத் தின்னாது. வெடி போட்டது நாந்தான். மீன் பிடிக்க விட்டதும் நாந்தான். அந்தக் கரையில எங்கக்கா குடிசை இருக்கு. எங்காத்தா போனபெறகு என்னைய வளத்தது அவதான். அவளுக்குக் கால் ஊன அந்த ஒரு இடந்தான். அத மட்டும் விட்டுருங்க."

ராதாமணி அம்மாள் பதினாலாம் பிரிவைப் புரட்டினார்.

"அங்க இருக்கிறவங்களை அகற்றக்கூடாதுன்னு இதுல இருக்கே."

"இருக்கும்மா. நானும் அரசாங்கந்தான். நான் குடுத்த வாக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். ஊர் முகப்புல ஊருணி இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி வீணாகாதுன்னு சொல்லித்தான் அத மூடி என் பேர்ல சமுதாயக் கூடம் கட்டுனேன். இப்ப மழை பெஞ்சா கூடத்துக்குள்ளதான் தண்ணி நிக்குது. நானே அப்பிடின்னா, முன்னப்பின்ன தெரியாத அதிகாரி என்ன செய்வான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

தொகுதி உறுப்பினரே மனம் விட்டு எதிர்த்தால் வற்புறுத்துவதில்லை என்பது குழுவில் பழக்கம். ராதாமணி அம்மாள் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். "நல்ல கண்மாய்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு அடித்துவிட்டார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவதாக மொக்கைச்சாமி போட்டார்.

வெளியே வந்ததும் பீமாராவின் தோளில் கை போட்டார். "ஒன்னைய வேற சந்தேகப்பட்டுட்டேன் ராவு."

"தெரியும்ணே. அந்தம்மா சிரிச்சது எதுக்குன்னா, நீங்க கூட்டத்துல வடை நல்லா இருந்துச்சுன்னு எழுந்து நின்னு சொன்னீங்களாம். ரெண்டு மாசத்துல நீங்க பேசுனது அது ஒண்ணுதானாம்."

*

பொழுது சாயும்போது வேப்பமடைக்குப் போனார். சனம் போயிருந்தது. கண்மாய்த் தண்ணீர் டீ போலக் கிடந்தது. அறுந்த வலையும் செருப்பும் கரையோரம் ஒதுங்கியிருந்தன. மேலே இரண்டு மூன்று பறவைகள் இறங்குவதா வேண்டாமா என்று சுற்றிக்கொண்டிருந்தன.

குடிசை வாசலில் இருளாயி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் கூடையில் வைக்கோல் பரப்பி நாலைந்து நாரைக் குஞ்சுகள். வெடியிலும் கூச்சலிலும் கூட்டிலிருந்து விழுந்தவை. பொடி மீனை நசுக்கி ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை.

மொக்கைச்சாமி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

"யக்கா, வெடி போடச் சொன்னது நாந்தான்."

"தெரியும்."

"குட்டிக போனதுக்கும் நாந்தான் காரணம்."

அவள் வாய் திறக்காத குஞ்சைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒனக்காகத்தான்க்கா. இந்தக் கண்மாய ஒரு சட்டத்துல சேத்திருந்தானுக. அந்தச் சட்டம் வந்தா இந்தக் கரையில ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது. மண்ணு போட முடியாது, மேடாக்க முடியாது, கட்டடம் கட்ட முடியாது. ஒன்னையக் காலி பண்ணிருவானுக. இன்னைக்கு எட்டுப் பேர் முன்னால நின்னு, பொய் சொல்லாமப் பேசி, பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"அடிச்சுட்டாங்க. சிவப்பு மையில. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். இனி மாத்த முடியாது."

இருளாயி கையிலிருந்த மீனைக் கூடைக்குள் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"என்னக்கா, சந்தோசமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிற?"

"அடேய் தம்பி, ஓங்கிட்ட இருந்து இந்தக் கண்மாயக் காப்பாத்தத்தான் பறவை எண்ண வந்த பிள்ளைககிட்ட அந்தப் பட்டியல்ல சேக்கச் சொல்லி நானே கைநாட்டு வச்சுக் குடுத்தேன்."